மஞ்சள் மோவாய்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எலிக்காரர் என்றால்தான் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ எலி மருந்து விற்கிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு முறை எதிர்வீட்டுக்கு வந்த ஒருத்தி சமையலறையில் எலித் தொல்லை தாங்கவில்லை என்று கதவைத் தட்ட, "நான் எலிக்கு மருந்து குடுக்கறவன், விஷம் வைக்கறவன் இல்ல" என்று சொல்லி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். அவர் சொன்னதும் முழு உண்மை இல்லை. மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில், மருந்தியல் துறையின் கோடி அறையில், எலிகளின் காலில் வீக்கம் வரவைத்து அந்த வீக்கத்தை அளப்பதுதான் அவர் வேலை. இருபத்தொன்பது வருஷமாக வேறு எதுவும் செய்ததில்லை.

கோபம் அவருக்கு மூக்குக்கு மேல் வரும் என்பார்கள். எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருவது போலச் சொல்கிறார்கள். அது எங்கேயும் போனது கிடையாது, மூக்கின் மேலேயே குடியிருந்தது. காலையில் மாடிப்படி ஏறும்போதே காவலாளியுடன் ஒரு சண்டை, கூண்டு கழுவும் அம்மாளுடன் ஒன்று, மாணவர்களில் யார் முதலில் அகப்படுகிறாரோ அவருடன் ஒன்று. எலிகளுடன் மட்டும் அவருக்குச் சண்டை இல்லை. இத்தனை வருஷத்தில் ஓர் எலி அவரைக் கடித்ததில்லை. ஒரு கையால் முதுகோடு சேர்த்து எடுப்பார், எலி எடுக்கப்பட்டதே தெரியாமல் மூக்கை ஆட்டிக்கொண்டிருக்கும்.

அளக்கும் விதம் எளிது. கணுக்காலில் மைப் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் எலியின் பின்னங்காலைக் கண்ணாடிக் குழாயில் உள்ள தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். கால் எவ்வளவு பருமனோ அவ்வளவு தண்ணீர் பக்கத்துக் குழாயில் ஏறும். அதைப் படிக்க வேண்டும். பிறகு பாதத்தில் வீக்கம் உண்டாக்கும் ஊசி. அதன் பிறகு மணிக்கொரு தரம், ஐந்து மணி நேரம், மறுபடி அமிழ்த்தி மறுபடி படிக்க வேண்டும். கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே போனாலும் கீழே நின்றாலும் கணக்குத் தப்பாகிவிடும். மற்றவர்கள் அளந்தால் ஒரே காலுக்கு மூன்று தடவை மூன்று அளவு வரும். அவர் அளந்தால் மூன்றும் ஒன்றாக இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் துறையில் எல்லோரும் அவர் வாய்க்குப் பயந்துகொண்டு அவரைச் சகித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு விதி உண்டு. எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து கொடுத்தார்கள் என்று அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும். அதனால் ஆராய்ச்சி மாணவி பக்கத்து அறையில் மருந்தைக் கொடுத்துவிட்டு, கூண்டுகளில் வெறும் எண் சீட்டு ஒட்டி அனுப்புவாள். இந்த விதியை அவர் வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மாணவன் வாய் தவறி "இது மருந்து குடுத்த கூண்டுதானே" என்று கேட்டதற்கு அன்றைய அளவுகள் அத்தனையையும் கோடு போட்டு அடித்துவிட்டு, அவனை அந்த வருஷம் முழுவதும் அறைக்குள் சேர்க்கவில்லை. கை சாய்கிறவர்கள் என்றால் அவருக்கு அவ்வளவு இளக்காரம்.

துறைத் தலைவருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். தலைவர் எலி அறைக்குள் வந்தால் மூக்கில் கைக்குட்டையோடுதான் வருவார். வாசற்படியிலேயே நின்று, "எண் என்ன வந்தது?" என்று மட்டும் கேட்பார். எலிக்காரர் பதில் சொல்லாமல் அளவுப் பதிவேட்டை அவர் பக்கமாகத் தள்ளிவிடுவார். பத்து வருஷமாக இருவருக்கும் நடந்த உரையாடல் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அவர் சண்டை போட்டு ஒரு நாளும் ஜெயிக்காத ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவர் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, கோட்டும் சட்டையும் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. எலிக்காரர் பத்து வார்த்தை கத்தினால் அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே வார்த்தை சொல்வாள். அந்த ஒன்று அவருக்கு இரண்டு நாள் உறுத்தும்.

அவளுக்குத்தான் விரல்களில் வாதம் வந்தது. மூட்டுக்கு மூட்டு வீங்கி, காலையில் விரலை மடக்க ஒரு மணி நேரம் ஆகும். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் போட்டுக்கொள்ள மாத்திரை கொடுத்தார். மாத்திரை வீக்கத்தை அடக்கியது. ஆனால் போட்ட மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளுக்குச் சோறு இறங்காது, குளியலறையிலேயே பாதி நேரம் போகும். எலிக்காரர் வெளியே நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கத்துவார். வேறு விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து, "போய் எலியைப் பாருங்க" என்று பதில் வரும். ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்கிற இரண்டு நாளும் மனிதர் வெந்துகொண்டிருந்தார் என்பது உண்மை. அந்த மாத்திரையை அவர் ஓர் எதிரியைப் போல வெறுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் துறையில் குர்குமின் ஆராய்ச்சி தொடங்கியது. சமையலறையில் இருக்கிற அதே மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கிற பொருள். மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதும் அதுதான், வீக்கத்தைக் குறைக்கும் என்று சொல்லப்படுவதும் அதுதான். தண்ணீரில் கரையாது என்பதால் எண்ணெயில் கலக்கி, எலியின் வாயில் மெல்லிய குழாய் வழியாகக் கொடுத்தார்கள். ஒரு கூண்டுக்குக் குர்குமின் கலந்த எண்ணெய். ஒரு கூண்டுக்கு வெறும் எண்ணெய். எலிக்காரருக்கு வழக்கம்போல எண் சீட்டு மட்டும்.

நாலு மாதம் அளந்தார். கடைசியில் சீட்டுகளைப் பிரித்துக் கணக்குப் பார்த்தபோது, குர்குமின் சாப்பிட்ட எலிகளுக்கு வீக்கம் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பங்கு குறைந்திருந்தது. கைக்குட்டையை மறந்துவிட்டுத் தலைவர் உள்ளேயே வந்துவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக எலிக்காரரின் தோளைத் தட்டினார். எலிக்காரருக்கு அது பிடிக்கவில்லை, தோளைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எண் பிடித்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு என்றார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று அவள் கேட்டாள். டாக்டர் யார் காலை அளந்தான், நான் என் கையால் அளந்திருக்கிறேன் என்று ஒரு பிடி பிடித்தார். அவளும் அந்த மாத்திரையால் நொந்து போயிருந்தவள்தான். கடையில் விற்ற குர்குமின் குப்பி ஒன்று வீட்டுக்கு வந்தது, மாத்திரை அட்டை அலமாரியின் மூலைக்குப் போனது. டாக்டரிடம் இருவரும் போகவில்லை.

சும்மா விடுவாரா? ஞாயிறுதோறும் வீக்கத்தை அளப்பது என்று முடிவு செய்தார். அவள் தையல் பெட்டியிலிருந்தே ஒரு வெள்ளை நூல். மோதிர விரலின் நடு மூட்டைச் சுற்றி, நூல் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தை நகத்தால் பிடித்து, அளவுகோலில் வைத்துப் படித்து, நாள்காட்டியின் கிழித்த தாள்களில் பின்புறம் எழுதினார். முதல் ஞாயிறு அறுபத்துநாலு மில்லிமீட்டர். அன்று அவள் மோதிரத்தைச் சோப்புப் போட்டுத் திருகித் திருகிக் கழற்றினாள். அப்புறம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து, அதை நூல்கண்டுப் பெட்டியில் போட்டு வைத்தாள்.

மூன்றாவது ஞாயிறு அறுபத்துமூன்றரை. ஐந்தாவது ஞாயிறு அறுபத்துமூன்று. எலிக்காரர் தாளை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். அவள் பார்க்கவில்லை. வலி குறையவில்லை என்றாள். ஊசியில் நூல் கோக்க அரை மணி ஆகிறது என்றாள். அதெல்லாம் மனசு என்றார் இவர். அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது.

"நூலை இழுக்கும்போது வலிக்குது. போன வாரத்தைவிட இந்த வாரம் ஜாஸ்தியா வலிக்குது."

"கையை ஆட்டாதே. ஆட்டினா அளவு தப்பும்."

எட்டாவது ஞாயிறு அறுபத்திரண்டு. அந்த வாரம் அவள் தைக்க வந்த ஒரு கோட்டைக் கெடுத்துவிட்டாள். கத்தரிக்கோல் கையில் நிற்காமல் நழுவிவிட்டது. கோட்டுக்காரர் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். எலிக்காரர் அவளுக்காகப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. வீக்கம் குறைந்திருக்கும்போது கத்தரிக்கோல் எப்படி நழுவும், நீ கவனமாக இல்லை என்று அவளிடமே சொன்னார். இந்த ஒரு பேச்சுக்காகவே அவரை யாராவது மாடியிலிருந்து கீழே தள்ளியிருந்தாலும் நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன். அவள் அன்று அந்த ஒற்றை வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு வாரம் வீட்டில் பேச்சு இல்லை. அளப்பது மட்டும் நடந்தது. அவள் கையை நீட்டுவாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பதினோராவது ஞாயிறு அறுபத்தொன்று. அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, அவள் எழுந்து போய் நூல்கண்டுப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மோதிரத்தை எடுத்தாள்.

"அறுபத்துநாலுல இது சோப்புப் போட்டப்போ கழண்டுச்சு. இப்ப அறுபத்தொண்ணு. நீங்களே போட்டு விடுங்க."

போட்டார். மோதிரம் மூட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. சோப்புப் போட்டார், அப்போதும் நின்றது. மோதிரம் சின்னதாகிவிட்டது என்று சப்பைக்கட்டு கட்டப் பார்த்தார், அது அவர் காதுக்கே கேவலமாகக் கேட்டது. அவள் மோதிரத்தை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினாள். "மோதிரத்துக்கு உங்க மேலயும் கோபம் இல்ல, என் மேலயும் கோபம் இல்ல" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தைக்கே இரண்டு நாள் உறுத்துகிற மனிதருக்கு அன்று ஒரு வாக்கியமே கிடைத்துவிட்டது.

மறுநாள் அதே ஆராய்ச்சி இரண்டாம் முறை. தலைவர் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தொகுதி எலிகளில் செய்யச் சொல்லியிருந்தார். எலிக்காரர் கூண்டைத் திறந்து முதல் எலியை எடுத்தார். நூலையும் மோதிரத்தையும் நினைத்துக்கொண்டே எடுத்ததால்தானோ என்னவோ, எடுத்தவர் அப்படியே நின்றார். எலியின் மோவாயில், வெள்ளை ரோமத்தில், விரல் நுனி அளவுக்கு மஞ்சள். குழாயில் கொடுக்கும்போது வழிந்த எண்ணெய். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மஞ்சள். அடுத்த கூண்டில் இருந்ததை எடுத்தார். வெள்ளை.

நாலு மாதமாக அந்த மஞ்சள் அவர் கண்ணுக்கு எதிரேயே இருந்தது. கூண்டில் எண் சீட்டு ஒட்டி, கதவைச் சாத்தி, மாணவனைத் துரத்தி என்ன பிரயோசனம்? எலியே தன் மோவாயில் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பார்க்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்திருப்பார். கண் பார்த்திருக்கிறது.

ஊசி போட்டு வீக்கம் ஏறிய பிறகு தன் கையைப் பார்த்தார். அது இன்னும் மோசம். கணுக்காலில் இழுக்கும் மைக் கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு, ஒரு மில்லிமீட்டர் இருக்கும். வெள்ளை மோவாய் எலியின் காலைத் தண்ணீரில் இறக்கினார், கோட்டின் மேல் விளிம்பைத் தண்ணீர் தொட்டபோதுதான் கை நின்றது. மஞ்சள் மோவாய் எலியை இறக்கினார். கோட்டின் கீழ் விளிம்பிலேயே கை நின்றுவிட்டது. இரண்டும் கோடுதான், இரண்டும் சரிதான், யாரும் குற்றம் சொல்ல முடியாது. மறுபடி செய்தார். மறுபடி அப்படியே. அந்த எலிகளின் கால் வற்ற வேண்டும், வீட்டில் அந்தக் குளியலறைச் சத்தம் நிற்க வேண்டும் என்று கை தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது. எலிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கூண்டு கழுவும் அம்மாள் எட்டிப் பார்த்து, இன்றைக்கு இன்னும் சண்டையே வரவில்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

அவர் ஆராய்ச்சி மாணவியைக் கூப்பிட்டார். உணவில் போடுகிற மஞ்சள் சாயப்பொடி வாங்கிவரச் சொன்னார். மருந்து கொடுத்த பிறகு அத்தனை எலியின் மோவாயிலும், வெறும் எண்ணெய் குடித்ததற்கும் சேர்த்து, ஒரே அளவு சாயம் தடவ வேண்டும், கூண்டுகளின் வரிசையையும் கலைத்துவிட வேண்டும் என்றார்.

"தலைவர் சார்கிட்ட கேக்க வேண்டாமா?" என்றாள் அவள்.

"கேட்டா வேண்டாம்பார்."

மூன்று வாரம் அப்படி அளந்தார், அதுவரை வீட்டில் நூலை எடுக்கவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. எடுக்கிற எலியெல்லாம் மஞ்சள் மோவாய். கைக்கு எங்கே நிற்பது என்று முதலில் தடுமாற்றமாகவே இருந்தது. பிறகு ஒரே இடத்தில் நிற்கப் பழகியது. மாணவி சீட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டாள். வீக்கம் குறைந்திருந்தது நூற்றுக்கு முப்பத்தொன்று.

ஆக, மஞ்சளில் ஒன்றும் இல்லை என்று இல்லை, இருக்கிறது. ஆனால் முதலில் சொன்ன ஐம்பத்தெட்டில் இருபத்தேழு பங்கு மஞ்சளில் இல்லை, எலிக்காரரின் கையில் இருந்தது. அந்த முப்பத்தொன்றும் எலியின் காலில் ஒரு பகலுக்கு வரவழைத்த வீக்கத்துக்குத்தான். வருஷக்கணக்காக மூட்டைத் தின்கிற நோய்க்கு அது என்ன செய்யும் என்று அந்த அறையில் யாரும் அளக்கவே இல்லை. அளக்காததை அளந்ததாகச் சொல்லி மனைவியின் மாத்திரையை நிறுத்தியது யார் என்று அவரிடம் யாரும் கேட்கத் தேவையில்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனார். தலைவர் முதல் கணக்கை ஏற்கெனவே மாநாட்டுக்கு அனுப்பியிருந்தார். முழுவதும் கேட்டார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"முதல் தடவை அளந்தது யாரு?"

"நான்தான் சார்."

"ரெண்டாவது தடவை?"

"அதுவும் நான்தான்."

"அப்ப ரெண்டுல எதை நம்பச் சொல்றீங்க?"

"எது எதுன்னு எனக்குத் தெரியாம அளந்தேன் பாருங்க, அதை."

வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், இரண்டாவது கணக்கைத் தள்ளிவிடலாம் என்றார் தலைவர். எலிக்காரர் பேனாவை எடுத்தார். தலைவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இவர் பதிவேட்டின் முதல் ஆராய்ச்சிப் பக்கத்தைத் திறந்து, "எலிகளின் மோவாயில் மஞ்சள் தெரிந்தது. அளந்தவரின் கை சாய்ந்தது. இந்த அளவுகளை நம்ப வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்க எண் அச்சிட்ட பதிவேடு, கிழித்தால் தெரிந்துவிடும். அன்று மாலைக்குள் அவரைக் கண்ணாடிக் குப்பி கழுவும் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. வேறு நாளாக இருந்தால் மூன்றாவது மாடி அதிர்ந்திருக்கும். அன்று உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் இறங்கினார். அவருக்கு அதைவிடப் பெரிய விசாரணை வீட்டில் காத்திருந்தது.

வீட்டில் அவள் ஒரு சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விரலால் பிடிக்க முடியாமல், பொத்தானை உள்ளங்கையின் அடியால் அழுத்திக்கொண்டு தைத்தாள். எலிக்காரர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மோவாயைச் சொன்னார், கோட்டின் இரண்டு விளிம்பைச் சொன்னார். நூலையும் அதே கைதான் பிடித்தது என்று சொன்னார். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை என்றார்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இழுக்கும்போது வலிக்குதுன்னு சொன்னேனா?"

"சொன்ன."

"வாரா வாரம் ஜாஸ்தியா வலிக்குதுன்னு சொன்னேனா?"

"சொன்ன."

"அதை அந்தத் தாள்ல எழுதினீங்களா?"

எலிக்காரர் அலமாரி மூலையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அடுத்த நாள் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். வைத்தியத்தை நிறுத்திய இத்தனை வாரத்தில் இரண்டு விரல் கோணிவிட்டது, அது இனி நிமிருமா என்று சொல்ல முடியாது, மற்றதையாவது காப்பாற்றுவோம் என்றார். எலிக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மாத்திரை திரும்பி வந்தது, குளியலறைச் சத்தமும் திரும்பி வந்தது. வாந்திக்கு வேறு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார் டாக்டர். முன்பே கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எலிக்காரர் நூலின் பக்கமே போகவில்லை. அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். கூடவே மிச்சத் துணியில் ஒரு பட்டையும் இருந்தது. "உக்காருங்க" என்றாள். அந்தக் கோணிய விரல்களாலேயே துணியை அவர் கண்ணுக்கு மேல் வைத்துப் பின்னால் முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழ வெகு நேரம் ஆனது. உதவிக்கு அவர் கையைத் தூக்கினார், அவள் தட்டிவிட்டாள்.

"நீங்க புடிங்க. நான் படிக்கறேன்."

அவர் இருட்டில் நூலைச் சுற்றினார். எலியை எடுக்கிற அந்தக் கை, இருபத்தொன்பது வருஷக் கை, எவ்வளவு இறுக்குவது என்று தெரியாமல் இரண்டு தடவை சுற்றி அவிழ்த்தது. நூல் தோலைத் தொட்ட இடத்தில் நகத்தால் பிடித்தார். அவள் அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"அறுபத்தேழு."

இருக்காது என்று வாய் வரை வந்ததை மென்று விழுங்கினார். கண் கட்டோடே நூலை விட்டார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது. அதையும் எழுதுங்க."

கட்டை அவிழ்த்துவிட்டு நாள்காட்டித் தாளை எடுத்தார். அறுபத்தேழு என்று எழுதினார். மற்றதற்கு அவர் இடம் விட்டிருக்கவில்லை. ஓரத்தில், சின்ன எழுத்தில், நெருக்கி எழுதினார்.